ஹெட் வேலை முடிந்தது, கேம்ஷாஃப்ட் சுற்றவில்லை

ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து, தண்ணீர் போய், இன்ஜின் கொதித்து, வண்டி வழியில் நின்றுவிடுகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அடிமுகத்தைச் சீவி மட்டமாக்கி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, புது சீல் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். எல்லாம் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இல்லையென்றால், ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு, கீச்சென்று இழுத்து நின்றுவிடுகிறது. வால்வு கவரைத் திறந்து பார்த்தால் கேம்ஷாஃப்ட் இறுகிப் பிடித்திருக்கிறது.

அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பணமும் இன்ஜினும் பிழைப்பதோ போவதோ இருக்கிறது. ஸ்டார்ட்டரை விடாமல் அடிப்பார்கள். ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகிக் கேமை வலுக்கட்டாயமாகத் திருப்புவார்கள். பிறகு புதுக் கேம் வாங்கிப் போடுவார்கள், அதுவும் பிடித்துக்கொள்ளும். கேம் எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில் உரசிப் பிடித்தது என்ற தடம் அந்த உலோகத்திலேயே பதிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் முதலில் அழிவது அந்தத் தடம்தான்.

படிப்பதற்கு முன் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் ஏராளமாக ஓடும் 1197 சிசி கே12 பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட், டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கேம்கள் சுற்றும் இடத்தில் தனியாக பேரிங் கிடையாது. கேமின் ஜர்னல், அதாவது வழவழப்பாகக் கடைந்த உருண்டைப் பகுதி, அலுமினிய ஹெட்டின் மேலேயே நேரடியாகச் சுற்றுகிறது. கீழ்ப்பாதி ஹெட்டிலேயே குடைந்த பள்ளம். மேல்பாதி, இரண்டு போல்ட்டில் உட்காரும் கேப். இடையில் இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டும். பல கார் இன்ஜின்களில் அந்த இடைவெளி 0.03 முதல் 0.08 மி.மீ. வரைதான் இருக்கும்; ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. இவ்வளவு சிறிய இடைவெளியை வைத்துக்கொண்டு நான்கு ஐந்து ஜர்னல்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும்.

அந்த நேர்கோடு எப்படி வருகிறது? தொழிற்சாலையில் கேப்களையெல்லாம் ஹெட்டில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாகக் கடைகிறார்கள். ஆகவே ஒவ்வொரு கேப்பும் அந்த ஹெட்டுக்கு, அந்த இடத்துக்கு, அந்தத் திசைக்கு மட்டுமே சொந்தம். கேப்பின் முதுகில் இன்டேக்கா எக்ஸாஸ்ட்டா என்ற எழுத்தும், எத்தனையாவது என்ற எண்ணும், செயின் பக்கம் காட்டும் அம்புக்குறியும் இருப்பது இதனால்தான். உதிரிபாகக் கடையில் தனிக் கேப் கேட்டால் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில், நின்றது கேம்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, கையால் மெதுவாக இன்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்கள் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். சில பழைய ஹோண்டா இன்ஜின்கள் எதிர்த்திசை. பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால், கேஸ்கட் வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டனை நிறுத்தியிருக்கிறது. கேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொஞ்சம் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இரும்பு இரும்பில் தட்டுவதுபோல 'டங்' என்று நின்றால், டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் மோதுகிறது என்று சந்தேகப்படுங்கள். அங்கே அழுத்தம் கொடுக்கவே கூடாது. இன்னும் கால் சுற்றுத் தள்ளினால் வால்வு வளைந்துவிடும்.

செயினையோ பெல்ட்டையோ கழற்றிவிட்டுக் கிராங்கைத் தனியாக, கேமைத் தனியாகத் திருப்பிப் பார்ப்பதுதான் சந்தேகமில்லாத வழி. ஆனால் கேமைத் தொடுவதற்கு முன் பிஸ்டன்களை நடுவழியில் நிறுத்திவிட வேண்டும். நான்கு சிலிண்டரில் ஒன்றும் நான்கும் உச்சியில் இருந்தால், கிராங்கைக் கால் சுற்று நகர்த்தினால் நான்கும் பாதி வழியில் நிற்கும். மூன்று சிலிண்டரில் ஏதாவது ஒன்று அடியில் நிற்கும்படி வைத்தால் மற்ற இரண்டும் உச்சியை விட்டு விலகி இருக்கும். கிராங்க் தாராளமாகச் சுற்றி, கேம் அசையவில்லை என்றால் நோய் மேலே இருக்கிறது.

அசையவில்லை என்று சொல்லும்போதும் நிதானம் வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் மேலே இருக்கும்வரை எந்தக் கேமும் லேசாகச் சுற்றாது. ஒரு இடத்தில் முரண்டு பிடிக்கும், லோப், அதாவது வால்வை அழுத்தும் புடைப்பு, உச்சி தாண்டியதும் தானே துள்ளி முன்னால் ஓடும். புதிதாகத் தொழில் பழகுபவர்கள் இதையே பிடிப்பு என்று நினைப்பதுண்டு. முரண்டு பிடித்தாலும் விட்டு விட்டுச் சுற்றினால் அது ஸ்பிரிங். துள்ளலே இல்லாமல் பிசின் மாதிரி இழுத்தாலோ, அசையவே மறுத்தாலோ அது பிடிப்பு.

பிடிப்பு என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எப்போது பிடித்தது? கேப் போல்ட்டை முறுக்கும்போதே இறுகிவிட்டதா? ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்களிலா? நன்றாக ஓடி, சில நாள் கழித்தா? வேலை செய்தவரிடம் கோபப்படாமல் கேட்டால் பதில் கிடைக்கும். முறுக்கும்போதே இறுகியது என்றால் எண்ணெய்மீது பழி போட வேண்டாம். அளவுக் கோளாறு, அதாவது வளைவு, மாறிய கேப், சீவிய கேப். ஓடத் தொடங்கி நின்றது என்றால் முதல் சந்தேகம் எண்ணெய். நாள் கழித்து என்றால் எண்ணெயோடு வந்த துகள், அல்லது விளிம்பு இடைவெளியில் தத்தளித்துக்கொண்டிருந்த வளைவு.

'சூடாகி விரிந்து பிடித்துக்கொண்டது' என்று சொல்வதைப் பலமுறை கேட்கலாம். கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 25 மி.மீ. ஜர்னலை எடுத்துக்கொண்டால், 80 டிகிரி சூடு ஏறும்போது அலுமினியக் குழி இரும்புக் கேமைவிட 0.02 மி.மீ.க்கு மேல் கூடுதலாக விரிகிறது. அதாவது சூட்டில் இடைவெளி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சூட்டில் பிடித்த கேம், எண்ணெய்ப் படலம் அறுந்து பிடித்தது. அல்லது ஹெட் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டதால் பிடித்தது.

இப்போது கேப்களைத் திறக்கலாம். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கி, ஒரே மூச்சில் கழற்றாமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஸ்பிரிங் அழுத்தம் கேமை ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் வார்ப்புக் கேம் முறியும், கேப்பும் உடையும். எந்தக் கேப்பைத் தளர்த்தியதும் கேம் விடுபடுகிறது என்று கவனித்துச் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக்கொள்ளுங்கள். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

கேப்பைக் கவிழ்த்து வெயிலில் பாருங்கள். ஆரோக்கியமான இடம் சாம்பல் நிறத்தில், கடைசல் வரிகள் லேசாகத் தெரியும்படி இருக்கும். பிடித்த இடத்தில் அலுமினியம் உருகி இழுபட்டு, நகத்தில் சிக்கும் கோடுகளாக இருக்கும். கேமின் ஜர்னலில் வெள்ளி நிறத்தில் அந்த அலுமினியம் ஒட்டியிருக்கும். எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் ஜர்னலில் நீலமோ வைக்கோல் நிறமோ ஏறியிருக்கும்.

அடுத்து, தடம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஓடும்போது ஸ்பிரிங்குகள் கேமை எப்போதும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. பாரம் தாங்குவது கேப், எண்ணெய் குறைந்தால் முதலில் காயப்படுவதும் கேப்தான். எல்லா ஜர்னலும் ஒரேபோல மேல்பக்கம் காய்ந்திருந்தால் எண்ணெய் ஏறவே இல்லை. எண்ணெய் வரும் துளைக்கு அருகில் உள்ளவை நன்றாக இருந்து, தூரப் போகப் போகக் காயம் கூடினால் எண்ணெய் குறைவாக ஏறியிருக்கிறது. ஒரே ஒரு கேப்பில், அதுவும் ஓர் ஓரத்தில் மட்டும் உரசியிருந்தால் கேப் இடம் மாறியிருக்கிறது அல்லது திசை மாறி உட்கார்ந்திருக்கிறது. எண்ணையும் அம்பையும் அந்தக் கணமே சரிபாருங்கள். நடு ஜர்னலில் கீழே ஹெட் பள்ளத்திலும், இரு முனைகளிலும் மேலே கேப்பிலும் காயம் இருந்தால், ஹெட் நடுவில் மேலே வளைந்திருக்கிறது.

கேம் கோணலா, குழி கோணலா என்பதற்கும் தடத்திலேயே விடை உண்டு. ஜர்னல் சுற்றிலும் உரசி, குழியில் ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால் கேம் நேர், குழிதான் கோணல். குழி சுற்றிலும் உரசி, ஜர்னலில் ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால் கேம் வளைந்திருக்கிறது. கேமை இரண்டு வி-பிளாக்கில் வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் அது உறுதியாகும். அனுமதிக்கும் ஆட்டம் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், 0.03 மி.மீ.யிலேயே நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு, 0.10 வரை விடுபவையும் உண்டு. உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணே கணக்கு.

ஹெட் வளைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொதித்த இன்ஜினில் ஹெட் வேலைக்குப் பிறகு கேம் பிடித்தால் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். 40 செ.மீ. நீள அலுமினிய ஹெட் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீள முயலும். கீழே பிளாக் அவ்வளவு சூடாகவில்லை. ஹெட் போல்ட்டுகள் நீள விடாமல் பிடித்திருக்கின்றன. போக வழியில்லாத உலோகம் நடுவில் மேலே எழும்புகிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு நிற்கிறது. கழற்றி மேசைமேல் வைத்து, அடிமுகத்தில் நேர்ச்சட்டம் வைத்தால் நடுவில் ஃபீலர் கேஜ் நுழைகிறது.

அடிமுகம் வளைந்தால் மேலே உள்ள கேம் வரிசையும் சேர்ந்தே வளைந்திருக்கும். ஆனால் லேத் பட்டறையில் வழக்கமாகச் சீவுவது அடிமுகத்தை மட்டும். முனைகளில் சற்று அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் உலோகம் போய், அடிமுகம் கண்ணாடி மாதிரி மட்டமாகிவிடுகிறது. மேலே உள்ள வளைவு அப்படியே நிற்கிறது. சீவுவதற்கு முன்பு, அந்த வளைந்த ஹெட்டைப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் போல்ட்டின் இழுப்பில் ஹெட் ஓரளவு நேராகி, கேம் வரிசையும் நேராகியிருக்கும். சீவிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை. அடி மட்டமாக உட்கார்ந்துவிடுவதால், வளைவு மேலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வளைவு 0.15 மி.மீ., இடைவெளி 0.05 மி.மீ. என்றால் கேம் எப்படிச் சுற்றும்? 'வேலைக்கு முன்னாடி நல்லாத்தானே சுத்திச்சு' என்று வண்டிக்காரர் சொல்வது பொய்யில்லை. அப்போது சுற்றியது, இப்போது சுற்றாது.

இதைச் சோதிப்பது எளிது. டேப்பட், ராக்கர் எதுவும் இல்லாமல், கேப்பும் இல்லாமல், காலிப் பள்ளங்களின் வரிசையில் நேர்ச்சட்டத்தை நீளவாக்கில் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள். எங்கேயாவது நுழைந்தால் அடுத்த வேலை செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும். பிறகு சுத்தமான எண்ணெய் தடவி கேமைப் படுக்கவையுங்கள். ஒரு கேப்பைப் போட்டு, சொன்ன அளவுக்கு முறுக்கி, கையால் சுற்றுங்கள். அடுத்த கேப், மறுபடி சுற்றுங்கள். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குத் தேவை பெரும்பாலும் 1 கிலோகிராம்-மீட்டரை ஒட்டிய முறுக்குதான், அதாவது சுமார் 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். எந்தக் கேப் முறுகியதும் கேம் கனக்கிறதோ அந்த ஜர்னலில் கோளாறு. நல்ல ஹெட்டில் எல்லாக் கேப்பும் முறுகிய பிறகும், ஸ்பிரிங் பாரம் இல்லாத கேம் இரண்டு விரலில் சுற்றும்.

இடைவெளி எவ்வளவு என்று எண்ணாகத் தெரிய வேண்டுமானால் பிளாஸ்டிகேஜ் இருக்கிறது. மெழுகு போன்ற மெல்லிய நூல். ஜர்னலின் நீளவாக்கில் ஒரு துண்டை வைத்து, கேப்பை முறுக்கி, கேமைச் சுற்றாமல் திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். கூடவே வரும் அட்டையில் அகலத்தை ஒப்பிட்டால் மி.மீ. கணக்கு கிடைக்கும். பட்டை அகலம் கூடினால் இடைவெளி குறைவு. ஒரு முனையில் அகலமும் மறுமுனையில் ஒடுக்கமும் என்றால் கேப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

தேய்ந்த கேமின் ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று கேப்பின் அடிமுகத்தை எம்ரி தாளில் தேய்த்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வட்டக் குழி முட்டை வடிவமாகிவிடும். மேலும் கீழும் இறுகும், பக்கவாட்டில் எண்ணெய் ஒழுகும். இதைச் செய்யவே கூடாது.

வால்வு சீட் தேய்த்ததால் வரும் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீட் தேய்ந்த அளவுக்கு வால்வுத் தண்டு மேலே எழும்பும், டேப்பட் இடைவெளி காணாமல் போகும். கேம் கனமாகச் சுற்றும், வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும். இது பிடிப்பு இல்லை, ஆனால் பார்ப்பவருக்குப் பிடிப்பு மாதிரியே தெரியும். ஒவ்வொரு லோபின் முதுகுப் பக்கமும் டேப்பட் மேலே வரும்போது ஃபீலர் நுழைகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

எண்ணெய்க் குற்றத்துக்கு வருவோம். பம்ப்பிலிருந்து பிளாக் வழியே ஏறும் எண்ணெய், ஹெட் கேஸ்கட்டில் உள்ள ஒரு சிறு துளையைத் தாண்டித்தான் கேமுக்கு வர வேண்டும். கேஸ்கட்டைத் தலைகீழாகவோ, வேறு மாடலின் கேஸ்கட்டையோ போட்டால் அந்தத் துளை அடைபடும். கீழே கிராங்குக்கு எண்ணெய் அழுத்தம் நன்றாக இருப்பதால் டேஷ்போர்டில் எண்ணெய் விளக்கு அணைந்துவிடும். மேலே கேம் வறண்டு சாகும். விளக்கு அணைந்ததை நம்பி ஏமாறும் இடம் இதுதான். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால், பிதுங்கிய துணுக்கு எண்ணெய்த் துளைக்குள் போய் உட்காரும். வால்வு தேய்க்கும் பேஸ்ட், மணல் ஊதிச் சுத்தம் செய்த துகள், கேஸ்கட் சுரண்டும் சுழல் தட்டின் உராய்வுத் தூள் ஆகியவை எண்ணெய் வழிகளில் தங்கினால் ஜர்னல்களை அரித்துவிடும். அந்தச் சுழல் தட்டுகளை இன்ஜின் பாகங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. காற்று ஊதி, கெரசின் அல்லது பெட்ரோல் பீய்ச்சி, ஹெட்டின் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் வெளியே வருகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் சுத்தம்.

பூட்டிய பிறகு முதல் ஸ்டார்ட்டிலும் அவசரம் கூடாது. கேமைப் பூட்டும்போதே ஜர்னலுக்கும் லோபுக்கும் எண்ணெய் தாராளமாகத் தடவியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டு ஓட்டி, எண்ணெய் ஊற்றும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேமின்மேல் எண்ணெய் வழிவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.

சரிசெய்வது காயத்தின் ஆழத்தைப் பொறுத்தது. ஜர்னலில் லேசாக ஒட்டிய அலுமினியத்தை நுண்ணிய எம்ரி தாளால் எடுத்து, மெருகேற்றி, அளந்து, அளவுக்குள் இருந்தால் அதே கேமைப் போடலாம். குழி நகத்தில் சிக்கும்படி கீறியிருந்தால் புதுக் கேம் மட்டும் போட்டுப் பயனில்லை. வளைந்த ஹெட்டுக்கு இரண்டு வழி. கனமான இரும்புத் தட்டில் அடிமுகம் கீழே இருக்க வைத்து, முனைகளுக்கு அடியில் தகடு கொடுத்து, நடுவை போல்ட்டால் இறுக்கி, அடுப்பில் 250 டிகிரி அளவுக்குச் சில மணி நேரம் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டு நிமிர்த்துவது ஒன்று. அதன் பிறகே அடிமுகம் சீவ வேண்டும், வால்வு சீட் வேலையும் அதன் பிறகுதான். இல்லையென்றால், கேப்களைப் போட்டு கேம் வரிசையை மறுபடி ஒரே ஓட்டமாகக் கடைவது. இரண்டுக்கும் தேர்ந்த கை வேண்டும். அது கிடைக்காத ஊரில், நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஹெட்டை அதன் கேப்களோடு வாங்குவது மலிவாகவே முடியும். ஓடும்போது கேம் பிடித்த இன்ஜினில் செயின் தாவியோ பெல்ட் அறுந்தோ இருக்கலாம். வால்வுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் பூட்டக் கூடாது. பெல்ட் அறுந்த வண்டியில் கேம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்க்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் அறுந்துவிடும்.

வண்டி உங்களுடையது என்றால், ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பும் அன்றே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ஹெட்டோடு கேம்ஷாஃப்ட்டையும் எல்லாக் கேப்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். சீவுவதற்கு முன் ஒருமுறை, சீவிய பின் ஒருமுறை, டேப்பட் இல்லாமல் கேமைப் பூட்டிக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை அது. அதற்குக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.